‘தெரியாது’ என்று சொல்லவே கூடாதா?

கேள்வி: லேப்டாப் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலை எனக்கு. உதிரி பாகம் எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாத நேரத்தில்தான், “எப்ப கிடைக்கும்?” என்று போன் வரும். ‘தெரியாது’, ‘முடியாது’ என்ற பேச்சே கூடாது, நம்பிக்கையாகப் பேசு என்கிறார் மேலாளர். “ரெண்டு நாள்ல வந்துடும் சார்” என்று சொல்லிவிட்டு, வராதபோது திட்டு வாங்குவது நான்தான். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் மேலாளர் சொல்வதில் பாதி சரி. வெறும் ‘தெரியாது’ என்பது முகத்துக்கு நேரே ஷட்டரை இழுத்து மூடுவது மாதிரிதான். ஆனால் “ரெண்டு நாள்ல வந்துடும்” என்றால் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றுதான் எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். அதை நம்பி, இரவல் வாங்கிய லேப்டாப்பைத் திருப்பிக்கூடக் கொடுத்திருப்பார். மூன்றாம் நாள் அவர் கத்தினால் அதில் நியாயம் இருக்கிறது.

பாகம் வருவது உங்கள் கையில் இல்லை. நீங்கள் திரும்பக் கூப்பிடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. நேரம் குறிப்பதானால் அதற்குக் குறியுங்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“சார், லேப்டாப்பைப் பிரிச்சுப் பார்த்தாச்சு, டிஸ்ப்ளேதான் போயிருக்கு. புதுசுக்கு ஆர்டர் போட்டுட்டோம். எப்ப வரும்னு கம்பெனிலேருந்து இன்னும் தேதி சொல்லலை. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள நானே கூப்பிட்டு நிலவரம் சொல்றேன்.”

இதில் பொய் ஏதும் இல்லை. வேலை எதுவரை வந்திருக்கிறது, எங்கே நிற்கிறது, அடுத்த சேதி எப்போது என்ற மூன்றும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

மறுநாள் நாலு மணிக்கும் தகவல் வந்திருக்காது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். சொல்ல ஒன்றுமில்லையே, எதற்குக் கூப்பிடுவது என்று இருந்துவிடுகிறார்கள். கட்டாயம் கூப்பிடுங்கள். “இன்னும் வரலை சார், வெள்ளிக்கிழமை காலையில மறுபடி கேட்டுட்டுச் சொல்றேன்” என்று அரை நிமிடம் பேசினால் போதும். வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி நிர்வாகவியல் அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருந்தாலும், ஏன் என்று தெரியாமல் காத்திருந்தாலும், அந்த நேரம் இன்னும் நீளமாகத் தோன்றும் என்றார். போனில் காத்திருப்பவருக்கும் அதே கதைதான்.

நாள் கணக்குச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், “மூணுலேருந்து ஏழு நாள்” என்று சொல்லாதீர்கள். கேட்பவர் காதில் மூணு மட்டும்தான் விழும்! “ஏழு நாள் வரைக்கும் ஆகலாம், முன்னாடியே வந்தா உடனே சொல்றேன்” என்பது நல்லது. அந்த ஏழும் இதே பாகம் முன்பு எத்தனை நாளில் வந்தது என்று பார்த்துச் சொன்னதாக இருக்கட்டும். அப்புறம் இந்தக் ‘கண்டிப்பா’, ‘கவலையே படாதீங்க’ எல்லாம் வேண்டாம். அதைக் கேட்ட பிறகுதான் பலருக்குக் கவலையே ஆரம்பிக்கும்.

இவ்வளவும் விடை உறுதியாகாத விஷயங்களுக்குத்தான். வாரண்டியில் வராது என்று திட்டவட்டமாகத் தெரிந்தபின் அதைப் பூசி மெழுகாதீர்கள். “வாரண்டியில வராது மேடம். பணம் கட்டிச் சரிபண்றதுன்னா எவ்வளவு ஆகும்னு இன்னிக்கே கேட்டுச் சொல்றேன், வேண்டாம்னா அப்படியே எடுத்துக்கலாம்” என்று நேராகச் சொல்லுங்கள். கோபப்படுவார்தான், ஆனால் ஒரே ஒரு தடவை.

கூப்பிடுவதாகச் சொன்ன நாளையும் நேரத்தையும் ஜாப் கார்டிலேயே எழுதி வையுங்கள். நீங்கள் லீவில் இருந்தாலும் பக்கத்து சீட்காரர் அதைப் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார். மேலாளரிடமும் ஒன்று கேட்டு வாங்குங்கள்: எந்தெந்தப் பாகம் எங்கே நிற்கிறது என்ற பட்டியல் தினமும் காலையில், போன் அடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே, உங்கள் மேஜைக்கு வந்தாக வேண்டும்.