பெட்டகமும் ஜாம் போத்தல் விளக்கும்

அன்புள்ள ஐயா,
வன்னியின் நெடுங்கேணியிலிருந்து 2008 போர்க்கால இடப்பெயர்வுக்கு முன்பே வவுனியாவுக்குக் கொண்டுவந்ததால் தப்பிய அம்மம்மாவின் முதிரை மரப் பெட்டகத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்புகிறோம். சீவி, வார்னிஷ் பூசிக் கொடுக்கலாமா? உள்ளே கிடக்கும் ஜாம் போத்தல் விளக்கையும், டைனமோ வயர் கட்டிய பழைய ரேடியோவையும் எறிந்துவிடலாமா?
– வாசகி, வவுனியா

அன்புள்ள தங்கைக்கு,

வார்னிஷ் வேண்டாம். சீவுளி பட்டால் தச்சனின் உளித்தடமும் கைபட்டு மினுங்கிய மூடி விளிம்பும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, கறையான் ஏறாதபடி உயர்த்தி வையுங்கள். பெட்டகத்துக்கு இவ்வளவு போதும்.

மற்ற இரண்டையும் எறியலாமா என்று எப்படித் தங்கச்சி கேட்க மனம் வந்தது? போர் நடந்த 1990களில் வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அந்த இருட்டில்தான் நம்மவர்கள் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிது மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைச் செருகி, அதைக் கம்பியில் கட்டி உள்ளே நிறுத்தினார்கள். எண்ணெய் பஞ்சில் ஊறியிருந்ததால் சிந்தவில்லை. போத்தல் காற்றை மறித்தது. அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயில் சிறு பங்கே செலவானது. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தோம்.

ரேடியோவும் அப்படித்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ மின்சாரம் தரும், பி.பி.சி. தமிழோசை கேட்கும். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். உடனே எங்கள் ஐயா, "சுத்தடா, சுத்து" என்று அதட்டுவார். திண்ணை நிறைய அயலவர்கள் மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள்.

பெரிய வீடுகளின் சாய்மனைக் கதிரையையும் பித்தளைக் குத்துவிளக்கையும் எந்த அருங்காட்சியகமும் விரும்பி வாங்கும். ஆனால் 2009இல் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிய வீட்டுச் சாமான்களை விசுவமடு, சுதந்திரபுரம் என்று வழியெங்கும் விட்டுவிட்டு நடந்த சனங்கள், தங்கள் கையால் செய்த இந்தக் கருவிகளை எங்கே போய்த் தேடுவது? தப்பியவை மிகச் சில. அவற்றில் இரண்டு உங்கள் கையில் இருக்கின்றன.

போத்தலில் படிந்த கரியைக் கழுவாதீர்கள். ரேடியோவின் வயரை அவிழ்க்காதீர்கள். விளக்கைச் செய்தவர் யார், எண்ணெய் எங்கே வாங்கினார்கள், பெடலைச் சுற்றியது யார் என்று அம்மாவிடம் இன்றே கேட்டு எழுதி, அந்தத் தாளையும் சேர்த்து வையுங்கள். மூன்றையும் ஒன்றாகவே கொடுங்கள். பெட்டகம் மட்டும் போதும் என்று அவர்கள் சொன்னால், அதையும் கொடுக்க வேண்டாம்.