ஹாண்ட்பால் பயிற்றுநராக விரும்பும் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இருமுறை வாசித்தேன். இங்கே ஜேர்மனியில் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனை, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு ஹாண்ட்பால் கழகம் தனது இளையோர் பயிற்சியகத்துக்கு அழைத்திருக்கிறது. அங்கே விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பதால் தகப்பனாருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. மகனோ, "ஆடி முடித்ததும் பயிற்றுநர் ஆகிவிடுவேன், பிறகென்ன பயம்?" என்கிறான். பந்தைப் பற்றிப் பிடிக்க விரலில் பூசும் பிசின் அவனுடைய உடுப்பெல்லாம் ஒட்டிக்கொள்வதாகவும், அதைத் துவைத்தே கை ஓய்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அவன் எவ்வளவு ஊக்கத்தோடு ஆடுகிறான் என்பதை அந்த ஒரு வரியே எனக்கு விளக்கிவிட்டது. நம்மவர்கள் பலர் இதைக் கரப்பந்தாட்டம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படி நினைக்காமல், நாற்பது மீற்றர் நீளத் தளத்தில் அணிக்கு ஏழு பேராக ஓடி, கையால் பந்தை எறிந்து கோல் போடும் இந்த ஆட்டத்தை அரங்கில் அமர்ந்து பார்த்துப் பழகியவர். ஆகவே நேரடியாக விடயத்துக்கு வருகிறேன்.

மகனின் ஆசையில் பிழையில்லை. "ஆடி முடித்ததும்" என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. நன்றாக ஆடியவருக்குத் தானாக வந்து சேரும் பதவியாக அவன் பயிற்றுநர் வேலையை எண்ணுகிறான். அது தனியாகக் கற்க வேண்டிய ஒரு தொழில். அந்தக் கல்வி ஆடும் காலத்திலேயே, அதுவும் மிகச் சிறிய இடத்தில், தொடங்க வேண்டும். ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநரான ஜேர்மனியர் பென்னட் வீகெர்ட்டின் வாழ்க்கையை அவனோடு சேர்ந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வீகெர்ட் 1982இல் மக்டபுர்க் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை இங்கோல்ஃப் வீகெர்ட், 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியை மேலதிக நேரத்தில் 23க்கு 22 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்ற கிழக்கு ஜேர்மனிய அணியில் ஆடியவர். தந்தையின் பெயர் மகனுக்குக் கதவைத் திறந்திருக்கலாம். ஆடுதளத்தில் அந்தப் பெயரால் ஒரு கோல் கூடக் கிடைப்பதில்லை. மகன் எஸ்.சி. மக்டபுர்க் அணியின் இடது ஓர ஆட்டக்காரர் ஆனார். அதே கழகத்தில், அதே இடது ஓரத்தில், ஜேர்மனி முழுவதும் அறிந்த ஸ்டெஃபான் கிரெட்ச்மார் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. 2002இல் அக்கழகம் ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் அணியை வென்று, ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது வீகெர்ட்டுக்கு இருபது வயது. பின்னர் வேறு கழகங்களில் ஆடி, மீண்டும் மக்டபுர்க்குக்கே திரும்பினார்.

மகன் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஆட்டத்திலிருந்து விலகிய வீகெர்ட் நேரே பெரிய அணியின் பயிற்றுநர் இருக்கைக்குப் போகவில்லை. அதே கழகத்தின் இளையோர் பிரிவில், பாடசாலை முடித்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளோடு வேலை செய்தார். 2015 டிசம்பரில், பருவத்தின் நடுவே, முதல் அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டே ஜேர்மன் கிண்ணம் கிடைத்தது. ஆனால் 2001க்குப் பிறகு மக்டபுர்க் காத்திருந்த புண்டஸ்லீகா, அதாவது ஜேர்மனியின் முதல்தர லீக், பட்டத்தை எடுக்க அவருக்கு 2022 வரை சென்றது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு கழகம் ஒரு பயிற்றுநரை நம்பிக் காத்திருந்தது என்பது இந்தத் தொழிலில் அரிது. 2023இல் கொலோன் நகரில் போலந்தின் கீல்ட்ஸே அணியை மேலதிக நேரத்தில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில், 30க்கு 29 என வென்று, தான் ஆட்டக்காரராகப் பெற்ற அதே சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைப் பயிற்றுநராகவும் பெற்றார். இரண்டுக்கும் இடையில் இருபத்தொரு ஆண்டுகள். 2025இல் இன்னொரு முறையும் வென்றார்.

இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று மகன் உணர வேண்டுமானால், அடுத்த போட்டியைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, இடைநிறுத்தத்தின்போது பயிற்றுநரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பச்சை அட்டையை நேரக் கணிப்பாளரின் மேசையில் வைக்கிறார், கடிகாரம் நிற்கிறது, அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். மூச்சு வாங்கிக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நடுவர் மீதான கோபத்தோடு வந்து நிற்பவர்களிடம், எதிரணியின் தடுப்பு எங்கே திறந்திருக்கிறது, அடுத்த தாக்குதலில் பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதை இரண்டே வாக்கியங்களில் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு வாக்கியங்களுக்காக அவர் வாரம் முழுவதும் காணொளிகளைப் பார்த்திருப்பார். சொன்னது விளங்காவிட்டால் பிழை சொன்னவருடையது. வேகமான கால்களும் பலமான தோளும் இந்த நிமிடத்தில் உதவுவதில்லை. கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தகப்பனாரின் அச்சத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. 1978 உலகக் கிண்ணத்தை வென்ற மேற்கு ஜேர்மனிய அணியில், கும்மர்ஸ்பாக் கழகத்தைச் சேர்ந்த இரு இளைஞர்கள் ஆடினார்கள். ஒருவர் ஹைனர் பிராண்ட். மற்றவர் யோவாகிம் டெக்கார்ம். அக்காலத்தில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகக் கருதப்பட்டவர். 1979 மார்ச் 30 அன்று, ஹங்கேரியின் டாட்டாபான்யாவில் நடந்த போட்டியில் எதிரணி வீரரோடு மோதி விழுந்த டெக்கார்மின் தலை, மெல்லிய விரிப்புக்குக் கீழிருந்த கொங்கிறீட் தளத்தில் அடிபட்டது. 131 நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அதன் பிறகு அவர் பேசவும் நடக்கவும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. பிராண்டோ ஆட்டக்காரர் வாழ்க்கையை முடித்துப் பயிற்றுநராகி, 1997 முதல் 2011 வரை தேசிய அணியை நடத்தி, 2007இல் போலந்தை வென்று, ஆட்டக்காரராகப் பெற்ற உலகக் கிண்ணத்தைப் பயிற்றுநராகவும் பெற்றார். ஒரே கழகம், ஒரே அணி, ஒரே வெற்றி. பிறகு இரு வேறு வாழ்க்கைகள். இன்றைய தளங்களும் மருத்துவமும் பெரிதும் மாறிவிட்டன என்றாலும், முழங்கால் நார் அறுந்து ஓராண்டை இழக்கும் பிள்ளைகளை நான் ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். எனவே பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பாடசாலை இறுதித் தேர்வான அபிடூர் விடயத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

வருமானத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கான முதல் புண்டஸ்லீகாவில் இருப்பவை 18 கழகங்கள்; அதாவது நாடு முழுவதற்கும் 18 தலைமைப் பயிற்றுநர் இடங்கள். அவையும் நிரந்தரமானவையல்ல. மார்ட்டின் ஷ்வால்பின் பயிற்சியில் 2013இல் சம்பியன்ஸ் லீக்கை வென்ற ஹம்புர்க் கழகம், மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் கடனில் மூழ்கி, 2016 ஜனவரியில் பருவத்தின் நடுவிலேயே லீக்கிலிருந்து விலகியது. ஐரோப்பாவின் முதல் அணிக்கே இந்த நிலை என்றால், கீழ் மட்டக் கழகங்களில் பயிற்றுநரின் சம்பளம் எவ்வளவு உறுதியானது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அங்கே பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் விசிலோடு வருகிறவர்கள். இதில் கூச்சப்பட எதுவுமில்லை; இந்த நாட்டின் விளையாட்டு அவர்களால்தான் நடக்கிறது.

இனி என் ஆலோசனை. மகன் இப்போதே, தற்போதைய கழகத்திலேயே, எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் குழுவுக்கு உதவியாளராகச் செல்லட்டும். சப்பாத்து நூல் கட்டத் தெரியாத பதினைந்து பிள்ளைகளை ஒரு மணி நேரம் ஒரு பந்தின் பின்னால் வைத்திருக்க முடிகிறதா, அது முடிந்தபின் அவனுக்கு மகிழ்ச்சி மிஞ்சுகிறதா, எரிச்சல் மிஞ்சுகிறதா என்பது மூன்றே மாதங்களில் தெரிந்துவிடும். மகிழ்ச்சி என்றால், மாநில ஹாண்ட்பால் சங்கத்தில் 'சி' எனும் பயிற்றுநர் உரிமத்துக்கான வகுப்புகளை விசாரியுங்கள். ஜேர்மன் ஒலிம்பிக் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி அது குறைந்தது 120 பாட அலகுகள் கொண்டது. அதன் மேல் 'பி', 'ஏ' என்று படிகள் உண்டு. இவை ஆடுவதற்கு இடையூறாக இருக்கமாட்டா. என் அனுபவத்தில், பிள்ளைகளுக்குத் தடுப்பாட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவன் தானும் தடுப்பில் சிறக்கிறான்.

அபிடூருக்குப் பிறகு, ஆசிரியர் படிப்பில் விளையாட்டோடு கணிதத்தையோ வேறொரு பாடத்தையோ சேர்த்து எடுப்பதையே நான் முதலில் சொல்வேன். பாடசாலை வேலை மாலை நேரத்தைப் பயிற்சிக்கு விட்டுவைக்கும். வகுப்பில் கற்ற பொறுமை அரங்கிலும் பயன்படும். கழகம் கைவிட்டாலும் மாதச் சம்பளம் நிற்காது. கொலோனில் உள்ள ஜேர்மன் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் நல்ல தெரிவே. அங்கே உடற்தகுதிக்கான நுழைவுத் தேர்வு இருப்பதால், அந்த நேரத்தில் காயம் இல்லாமல் இருப்பது முக்கியம். மகன் தேசிய மட்டத் தேர்வு அணிக்குள் வந்துவிட்டால், ஒலிம்பிக் பயிற்சி மையங்களில் படிப்பையும் ஆட்டத்தையும் இணைத்துத் திட்டமிட உதவும் தொழில்வழி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தயங்காமல் செல்லுங்கள்.

பயிற்சியகத்தின் அழைப்பை இப்போதே மறுத்துவிட வேண்டாம். உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். பெற்றோர் இருவரும் மகனோடு நேரில் சென்று, பயிற்சியால் தவறும் பாடங்களை யார், எந்த நாளில், எங்கே ஈடுசெய்கிறார்கள் என்று கேளுங்கள். காயப்பட்டு ஆறு மாதம் ஆட முடியாவிட்டால் விடுதி இடம் தொடருமா, கடந்த ஐந்து ஆண்டுகளில் அங்கிருந்து சென்ற பிள்ளைகளில் எத்தனை பேர் அபிடூர் முடித்தார்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெயர் பெயராகப் பதில் சொல்ல முடிந்த பயிற்சியகத்தை நம்பலாம். வீகெர்ட் வெளியூர் போய் ஆடித் திரும்பிய கதையைத் தகப்பனாருக்கு மகனே சொல்லட்டும்; ஆனால் இளையோர் பிரிவில் அவர் உழைத்த ஆண்டுகளை விட்டுவிடாமல் சொல்லட்டும்.

கையொப்பமிடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் பிரதியையும், மகனின் கடைசித் தவணைப் பெறுபேற்றையும் எனக்கு அனுப்பிவையுங்கள். கணிதப் புள்ளியை முதலில் பார்க்க விரும்புகிறேன்.