ஈசிஜி சரியாக இருந்தும் நெஞ்சு படபடப்பது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறார். சென்ற ஆண்டு என் மாமனார் மாரடைப்பில் காலமானார். அதற்குப் பிறகு ஒருநாள் திருச்சிக்குச் செல்லும் பேருந்தில் இவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை விரல்கள் மரத்துப்போய், உயிர் போய்விடும் என்று பயந்துவிட்டார். மருத்துவமனையில் ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி, கேஸ் தொல்லைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் அதன் பிறகும் பலமுறை வந்துவிட்டது. நள்ளிரவில்கூடப் பதறி எழுகிறார். இப்போது தனியாகப் பேருந்தில் ஏறுவதில்லை. எங்கே போனாலும் பிபி பார்க்கும் கருவியை எடுத்துச் செல்கிறார். இது இதய நோயா, வாயுவா, மனநோயா? மனநல மருத்துவரிடம் போனால் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார்களே? எங்கள் மகனுக்கும் வருமா? – ஒரு வாசகி, கரூர்.

பதில்: நீங்கள் எழுதியிருப்பவற்றை வைத்துப் பார்த்தால், உங்கள் கணவருக்கு வந்திருப்பது பேனிக் டிஸ்ஆர்டர் என்று மருத்துவர்கள் சொல்லும் பீதி நோயாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், முதல் தாக்குதல் வந்த விதம், பரிசோதனைகளின் முடிவு, அதன் பிறகு அவருடைய நடவடிக்கைகளில் ஏற்பட்டிருக்கும் மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. பயமுறுத்தும் அளவுக்கு இது ஆபத்தானதல்ல. மனநோய்களுள் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுபவற்றில் இதுவும் ஒன்று.

அந்தப் பேருந்தில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். உறக்கம் குறைந்ததாலோ, காலையில் கூடுதலாகக் குடித்த காபியாலோ, கூட்டத்தின் புழுக்கத்தாலோ இதயம் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகத் துடித்திருக்கும். வேறொரு நாளாக இருந்தால் அவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். ஆனால் தந்தையை மாரடைப்புக்குப் பறிகொடுத்த மனம் அந்தத் துடிப்பைக் கேட்டவுடன் "அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த நொடியில் மூளையின் அபாய உணர்வு மையம் விழித்துக்கொள்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு மேலும் வேகமெடுக்கிறது, வியர்க்கிறது, உள்ளங்கை சில்லிடுகிறது. கூடிய துடிப்பே சந்தேகத்துக்குச் சாட்சியாகி, பயம் இன்னொரு படி ஏறுகிறது. இந்தச் சுழல் சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து ஈசிஜி எடுக்கும் நேரத்தில் பாதி அடங்கியிருப்பதற்கும் இதுவே காரணம்.

விரல்கள் மரத்துப்போனதற்கும் தெளிவான விளக்கம் உண்டு. பயந்தவர் தம்மை அறியாமல் வேகவேகமாக மூச்சு விடுகிறார். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு குறைகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகள் எளிதில் கிளர்ச்சியடைந்து, விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு தோன்றுகிறது. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை லேசாகிறது, சுற்றியிருப்பவை கனவில் பார்ப்பதுபோல் தோன்றுகின்றன. மூச்சு போதவில்லை என்று அவர் இன்னும் ஆழமாக இழுக்க இழுக்க, இவை அனைத்தும் கூடுகின்றனவே தவிரக் குறைவதில்லை. மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயமும் இத்துடன் சேர்ந்து வரும். ஆனால் மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் சரியும்போது வருவது. பீதியின்போது ரத்த அழுத்தம் ஏறவே செய்கிறது என்பதால் மயங்கி விழுவது அரிது.

நள்ளிரவில் பதறி எழுவதும் இதே நோயின் இன்னொரு முகம்தான். கெட்ட கனவு கண்டு எழுவதிலிருந்து இது மாறுபட்டது. பெரும்பாலும் கனவில்லாத உறக்கத்தின் நடுவில் வருகிறது. ஆனால் உங்கள் கணவர் உரக்கக் குறட்டை விடுபவராகவும் பகலில் தூங்கி வழிபவராகவும் இருந்தால், உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு முறை இப்படி வந்துபோனால் அதை நோய் என்று சொல்வதில்லை. வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். எதிர்பாராத தாக்குதல்கள் மீண்டும் மீண்டும் வந்து, அதைத் தொடர்ந்து ஒரு மாதத்துக்குக் குறையாமல் "மறுபடியும் வந்துவிடுமோ" என்ற கவலையோ, அதற்காக அன்றாட வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ இருந்தால்தான் பீதி நோய் என்கிறோம். பிள்ளையின் படிப்பு, கடன், உடல்நலம் என்று ஏதேனும் ஒன்றைப் பற்றி மாதக்கணக்கில் நாள் முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பது பொதுப் பதற்ற நோய். அங்கே இத்தகைய திடீர் உச்சம் இருப்பதில்லை. எதிலும் நாட்டமின்மை, சோர்வு, அதிகாலையிலேயே விழிப்பு, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் இவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் வரும். பீதி நோயைச் சிகிச்சையின்றி இழுத்துக்கொண்டே போனவர்களிடம் மனச்சோர்வும் பின்னாலேயே வந்து சேர்வதை அடிக்கடி பார்க்கிறோம்.

இனி காரணங்கள். "எதனால் வந்தது" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒற்றைக் காரணத்தை எதிர்பார்க்கிறார்கள்; மனநோய்களில் அப்படி ஒன்று கிடைப்பது அரிது. பரம்பரையாக வரும் இயல்புக்கு ஒரு பங்கு உண்டு. உடலில் தோன்றும் சிறு மாற்றத்தைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் சுபாவம் சிலருக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கிறது. அதன்மேல் மரணம், கடன், வேலை நெருக்கடி போன்ற ஒரு சுமை விழும்போது நோய் தலைகாட்டுகிறது. பெண்களுக்கு இது ஆண்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. காபி, புகை, கஞ்சா ஆகியவை தூண்டிவிடும். மதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: குடித்தால் பதற்றம் அடங்குவதுபோல் இருக்கும், ஆனால் போதை இறங்கும் விடியற்காலையில் அதுவே இரட்டிப்பாகத் திரும்பும். இதையெல்லாம் இக்காலத்து நோய் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த படைவீரர்களிடம் இதய நோய்க்கான தடயமின்றியே நெஞ்சு வலியும் படபடப்பும் வந்ததை டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். தனி நோயாக இதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம் கிடைத்தது 1980-இல்.

உடல் நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம்தான். அதை ஒருமுறை முழுமையாகச் செய்துவிட வேண்டும். ஈசிஜி, எக்கோவுடன் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். தைராய்டு மிகையாகச் சுரப்பதும் ரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தும், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் இப்படிச் செய்வதுண்டு. சீரான துடிப்பு சட்டென்று பாய்ந்து சட்டென்று நின்றுவிடுகிறது என்று அவர் சொன்னால், இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனை தேவைப்படலாம். மாடி ஏறும்போதோ சுமை தூக்கும்போதோ நெஞ்சில் அழுத்தம் வந்து ஓய்வெடுத்தால் குறைவது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, உண்மையாகவே நினைவிழந்து விழுவது ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள். பீதி நோய் இருப்பவருக்கு மாரடைப்பே வராது என்று எந்த மருத்துவரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆனால் முழுமையாகப் பார்த்த பிறகும் மாதம் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொண்டே இருப்பது சிகிச்சையல்ல. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. இதயத்தில் ஒன்றுமில்லை என்பது சரி. ஆனால் செத்துப் பிழைத்ததாக உணர்ந்த மனிதரிடம் ஒன்றுமில்லை என்றால் அவர் நம்புவதும் இல்லை, நிம்மதி அடைவதும் இல்லை, அடுத்த மருத்துவமனையைத் தேடிப் போகிறார். கேஸ் தொல்லை என்ற விளக்கம் அதைவிடச் சிக்கலானது. ஏப்பம் வந்ததும் சற்று இலேசாக இருப்பதால் (பயத்தில் காற்றை விழுங்குவதால்தான் அந்த ஏப்பமே வருகிறது) நோயாளியும் குடும்பமும் அதை நம்பிவிடுகிறார்கள். ஓமத் தண்ணீரும் ஆன்டாசிடுமாக ஆண்டுகள் ஓடுகின்றன. 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உரிய சிகிச்சையைப் பெறவில்லை என்று கண்டது. அவர்கள் எல்லோரும் மருத்துவரையே பார்க்காதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நிறையப் பேர் தவறான வாசலில் காத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த பிபி கருவிதான். நோயைத் தொடங்கி வைப்பது எதுவாக இருந்தாலும், அதைத் தொடரவிடுவது இத்தகைய முன்னெச்சரிக்கைகள்தாம். அவர் பதற்றத்தோடு கையில் பட்டையைக் கட்டுகிறார்; பதற்றத்தில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும்; திரையில் 150 என்று பார்த்தவுடன் பயம் கூடுகிறது; மறுபடி அழுத்திப் பார்த்தால் 160. தனியாகப் பேருந்தில் ஏறாமல் இருப்பது, தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல் வெளியே வராதது, மருத்துவமனை இருக்கும் வழியாக மட்டும் வண்டி ஓட்டுவது எல்லாமே இதே வகையைச் சேர்ந்தவை. "இவை இருந்ததால்தான் பிழைத்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறதே ஒழிய, "இவை இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது" என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. பூனை குதித்தாலும் அலறும் பைக் அலாரத்தைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, வண்டிக்கு இரவெல்லாம் காவல் இருப்பது போன்றது இது.

ஆகவே அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்னும் முறையில், அவர் அஞ்சும் உணர்வுகளைப் பாதுகாப்பான சூழலில் அவரே வரவழைத்துப் பார்க்கும்படி செய்கிறோம். ஆலோசனை அறையில் ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வோம். நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வோம். சுழல் நாற்காலியில் சுற்றவிடுவோம். அதே மதமதப்பும், அதே தலைச்சுற்றலும் வந்து, எதுவும் ஆகாமல் தானாக அடங்குவதை அவரே பார்க்கும்போது ஏற்படும் தெளிவு, நாங்கள் ஆயிரம் முறை எடுத்துச் சொன்னாலும் ஏற்படாது. அதன் பிறகு பேருந்து: முதலில் உங்களுடன் ஒரு நிறுத்தம், பிறகு நீங்கள் பின் இருக்கையில், பிறகு தனியாக, இறுதியில் கருவியும் இல்லாமல் திருச்சி வரை. நடுவழியில் பயம் வந்தால் இறங்கிவிடாமல் அது தணியும்வரை உட்கார்ந்திருப்பதுதான் இதில் முக்கியம். வழக்கமாக 10 முதல் 15 அமர்வுகளுக்குள் கணிசமான மாற்றம் தெரியும். இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகே இந்தப் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும்; வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

மருந்தும் நன்றாகவே பலன் தரும். செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்ற மனச்சோர்வுக்கான மாத்திரைகளே இதற்கும் தரப்படுகின்றன. இவை பழக்கமாகிவிடும் போதை மருந்துகள் அல்ல. தொடங்கிய முதல் சில நாட்களில் பதற்றம் சற்றுக் கூடுவதுபோல் இருக்கலாம் என்பதால் குறைந்த அளவிலிருந்து ஏற்றுவார்கள். இதைச் சொல்லாமல் கொடுத்தால் நோயாளி மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணமான பிறகு குறைந்தது 6 மாதங்கள், பொதுவாக ஓராண்டு வரை தொடர்ந்து, பின்னர் மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறைத்துப் பெரும்பாலோர் நிறுத்திவிடலாம். ஆயுள் முழுக்க மாத்திரை என்ற பயத்துக்கு ஓரளவு காரணமானவை வேறு மாத்திரைகள்: அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவை அரை மணி நேரத்தில் அமைதி தரும், ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும். மருத்துவர் தேவை கருதிச் சில நாட்களுக்குத் தரலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வைத்துக்கொள்வதை அனுமதிக்காதீர்கள். ஏற்கெனவே பல வாரங்களாக எடுத்துவருகிறார் என்றால் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, பதற்றத்தின்போது நீங்களும் பதறாமல் அருகில் உட்கார்ந்து, மூச்சை மெதுவாக மூக்கின் வழியே இழுத்து இழுத்ததைவிட நீளமாக வெளியே விடும்படி நினைவூட்டுவது. காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம்; உண்மையில் இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் அது ஆபத்து. "ஆண்பிள்ளை இப்படிப் பயப்படலாமா" என்று மாமியாரோ உறவினர்களோ சொன்னால் நீங்கள் குறுக்கிடுங்கள். அவருக்காக எல்லா வேலைகளையும் நீங்களே எடுத்துச் செய்துவிடவும் வேண்டாம். குடி கூடுகிறதா, யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறாரா, சாவைப் பற்றிப் பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள். அப்படி இருந்தால் காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பெற்றோருக்கு இந்நோய் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. தந்தை பேருந்துக்கு அஞ்சி வீட்டிலேயே இருப்பதைப் பார்த்து வளர்வதைவிட, சிகிச்சை எடுத்து மறுபடி ஏறுவதைப் பார்த்து வளர்வது அவனுக்கு நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நேரில் போக அவர் தயங்கினால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்களிடம் மருத்துவக் காப்பீடு இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. ஆனாலும் பல பாலிசிகளில் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் கிடைக்கும் என்பதால், வெளிநோயாளிச் செலவுக்கும் ஆலோசனைக் கட்டணத்துக்கும் இடமுண்டா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.