“அம்மா எப்ப வருவா?” – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்றைத்தான் எடுத்திருக்கிறேன். மூன்றும் வீட்டில் ஒருவர் கடல் தாண்டிப் போனதால் வந்த கஷ்டம். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், அதே நிலைமையில் மலையகத்தில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

கேள்வி: வணக்கம் அக்கா. என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. போகும்போது மகளுக்கு மூன்று வயசு, இப்போது முதலாம் ஆண்டு படிக்கிறாள். அக்ரிமென்ட் முடிந்தும் அந்த வீட்டு மேடம் அனுப்ப மாட்டேன் என்கிறாராம். வேறு ஆள் வந்த பிறகு பார்ப்போம் என்கிறார்கள், பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் போன் கொடுப்பார்கள். வீடியோ கால் வந்தால் மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். என் அம்மாவைத்தான் அவள் ‘அம்மா’ என்கிறாள். இதைப் பார்த்து மனைவி அங்கே அழுகிறாள், “நான் வந்துதான் என்ன செய்ய, இன்னும் ரெண்டு வருசம் இருந்திடவா” என்று கேட்கிறாள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆட்கள் வேறு கண்டபடி கதைக்கிறார்கள். எனக்குத் தோட்டத்தில் வேலை, வேலை செய்ததாகப் பேர் விழுகிற நாளுக்குத்தான் சம்பளம். என்ன செய்வதென்றே தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: தம்பி, உங்கள் மனைவி வீட்டுக்கு வருவது ஒரு விஷயம், மகள் பேசாதது இன்னொரு விஷயம். இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால்தான் உங்கள் மனைவி “இன்னும் இரண்டு வருசம்” என்கிறார். அதனால் முதலில் அவர் வருவதற்கான வழியைப் பார்ப்போம்.

குவைத்தில் வீட்டு வேலைக்காரர்களுக்கென்றே 2015இல் 68ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வருசத்துக்கு முப்பது நாள் சம்பளத்தோடு லீவு, அவருடைய சம்மதம் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது வேலை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டத்தில் இருப்பது எல்லா வீட்டிலும் நடப்பதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் மனைவி அந்த மேடத்திடம் தயவு கேட்டு நிற்கவில்லை, அவருக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறார் என்பதை நீங்கள் இருவரும் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இந்த வாரமே ஒரு நாள் வேலையை விட்டாவது பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். மனைவியின் பாஸ்போர்ட் கொப்பி, அக்ரிமென்ட் கொப்பி, அனுப்பிய ஏஜென்சியின் பெயர், அந்த வீட்டுக்காரர் பெயர், போன் நம்பர் எது இருந்தாலும் கொண்டுபோய் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு துண்டும் கேட்டு வாங்குங்கள். பணியகத்தின் 1989 என்ற நம்பருக்கும் அடித்துச் சொல்லலாம். அக்ரிமென்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாத வீடுகள் நிறைய. உங்கள் வீட்டில் தகரப் பெட்டிக்குள்ளோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ இருக்கும், இன்று ராத்திரியே தேடி எடுத்து போனில் படம் பிடித்து வையுங்கள். பணியகத்தில் பதிந்து போனவர் என்றால் ஏஜென்சியைக் கூப்பிட்டு விசாரிக்க அவர்களால் முடியும், குவைத்திலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கும் அறிவிப்பார்கள். அப்புறம், மாதாமாதம் சம்பளம் முழுசாக வந்ததா என்று மனைவியிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாக்கி இருந்தால் அதையும் முறைப்பாட்டிலேயே சேர்க்க வேண்டும், வந்து இறங்கிய பிறகு அதை வாங்குவது பெரும்பாடு.

ஒன்றை மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆத்திரத்தில் வீட்டை விட்டு இறங்கி, தெரிந்தவர் சொன்ன வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்விடக் கூடாது. ஓடிப்போய்விட்டார் என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் விசா போய்விடும், பிறகு பிடிபட்டால் தடுப்பில் வைப்பார்கள். அடி உதை, பட்டினி, தப்பான நடத்தை என்று ஏதாவது இருந்து வெளியேறித்தான் ஆக வேண்டும் என்றால் நேரே தூதரகத்துக்குத்தான் போக வேண்டும், வேறு யார் வீட்டுக்கும் வேண்டாம்.

சரி, இப்போது மகள். அம்மா எப்போது வருவாள் என்று அவள் கேட்டபோதெல்லாம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்படியான வீடுகளில் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: தீபாவளிக்கு வருவா. அந்தத் தீபாவளி போய், பொங்கல் போய், அடுத்த தீபாவளியும் போய்விட்டது. மூன்று வயசில் விட்டுப்போன பிள்ளை, சொன்ன நாளில் வராத ஒருத்தியைத்தான் போனில் பார்க்கிறாள். அவள் கதவுக்குப் பின்னால் நிற்பது வெறுப்பால் என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே பிடிக்கவில்லை என்றால் வெளியே விளையாடப் போயிருப்பாள் தம்பி, அம்மா பேசுவது காதில் விழுகிற இடத்தில் நிற்க மாட்டாள்.

அதனால் உண்மையைச் சொல்லுங்கள். அம்மா குவைத் என்கிற ஊரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறா, வேலை முடிந்துவிட்டது, அந்த வீட்டுக்காரர் இன்னும் அனுப்பவில்லை, அப்பா ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நாள் தெரிந்ததும் உனக்குத்தான் முதலில் சொல்வேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு இது விளங்கும். தெரியாத நாளைத் தெரிந்த மாதிரி இனிமேல் சொல்லாதீர்கள்.

கால் வரும்போது “பேசு, அம்மாவுக்கு முத்தம் கொடு” என்று பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்த வேண்டாம். கதவுக்குப் பின்னால் நிற்கிறாளா, நிற்கட்டும். நீங்கள் போனைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு அவளுடைய தமிழ்க் கொப்பியை விரித்து, “பாரு, இந்த ‘அ’வை எவ்வளவு அழகா எழுதியிருக்கா” என்று மனைவியிடம் காட்டுங்கள். மனைவியும் அழுகையை அடக்கிக்கொண்டு, அவள் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றியோ, அவள் முதலில் சொன்ன சொல்லைப் பற்றியோ அவள் காதில் விழும்படி பேசட்டும். போன் கிடைக்கிற வெள்ளிக்கிழமையில் இரண்டு நிமிசத்துக்கு ஒரு கதையைச் சொல்லி வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பி வைத்தால், வாரம் முழுக்கப் படுக்கும்போது அதைப் போட்டுக்காட்டலாம். பாட்டியை அம்மா என்று கூப்பிடுவதைத் திருத்தப் போகாதீர்கள். அந்த வயசான மனுசி விடிய எழும்பி ரொட்டி சுட்டு, தலை பின்னி, மழையில் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகிறா, பிள்ளை அவவை எப்படிக் கூப்பிட்டாலும் தகும். உங்கள் அம்மாவும் மருமகளைப் பற்றிப் பிள்ளையின் முன்னால் ஒரு சொல் குறையாகச் சொல்லக் கூடாது, இதை நீங்கள்தான் அவவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

உங்களையும் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மகளுக்குத் தலை பின்னத் தெரியுமா உங்களுக்கு? பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டத்துக்குப் போகிறீர்களா? தாய் வெளிநாடு போன வீட்டில் தாய் வேலையெல்லாம் பாட்டி தலையில் விழுந்து, தகப்பன் வங்கியில் காசு எடுத்துவருகிற ஆளாக மட்டும் நின்றுவிடுகிறதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். நீங்கள் அப்படித்தான் என்று சொல்லவில்லை, இவ்வளவு கவலைப்பட்டு எழுதுகிறவர் அப்படி இருக்க மாட்டீர்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு இப்போது பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

இன்னும் இரண்டு வருசம் இருப்பதா என்பதை மகள் பேசாத வருத்தத்தில் முடிவு செய்யவே கூடாது. எந்தக் கடனுக்காகப் போனாரோ அது எவ்வளவு அடைந்தது, நகை மீட்டாகிவிட்டதா, மிச்சம் எவ்வளவு என்று கணக்கை அவர் முன்னால் வையுங்கள், அவர் அனுப்பிய காசுக்கு அவர்தான் முதலில் கணக்குக் கேட்க வேண்டியவர். அதைப் பார்த்துவிட்டு அவர் சொல்லட்டும். வந்த பிறகும் மகள் கொஞ்ச நாள் ஒதுங்கித்தான் இருப்பாள், பாட்டியோடுதான் படுப்பேன் என்பாள், அதையும் மனைவியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். லயத்தில் கதைக்கிறவர்களைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. உங்கள் மனைவி அங்கே என்ன பாடுபடுகிறார் என்று உங்களுக்குத் தெரியும், அவர் நல்லவர் என்று வாய் திறந்து நாலு பேர் முன்னால் ஒரு தடவை நீங்கள் சொன்னால் போதும்.

கேள்வி: எனக்கு வயது அறுபத்தெட்டு. 1970களில் என் அக்கா கல்யாணம் முடித்த கையோடு புருசன் வீட்டாரோடு இந்தியா போய்விட்டார், நாங்கள் இங்கேயே பிரஜையாகி இருந்துவிட்டோம். கடிதம் வந்துகொண்டிருந்தது, சண்டைக் காலத்தில் அதுவும் நின்றது. இப்போது பேரன் பேஸ்புக்கில் தேடிப் பிடித்துக் கொடுத்தான், அக்கா கோத்தகிரியில் இருக்கிறார். ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். ஐடி கார்ட் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் இல்லை, பாஸ்போர்ட் எடுக்க முடியவில்லை.
– தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட காகிதம் உங்கள் வீட்டுக்குள்ளேயே கோடு கிழித்துவிட்டது. பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த நம் இந்திய வம்சாவளி ஆட்கள் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அக்கா எந்த நாட்டுக்கு, தங்கை எந்த நாட்டுக்கு என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கோச்சியேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து நீலகிரிக்குப் போய் மறுபடியும் கொழுந்து பறித்தவர்களில் உங்கள் அக்காவும் ஒருவராக இருப்பார். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

பிறப்புச் சான்றிதழ் விஷயம் தோட்டத்தில் பிறந்த பலருக்கும் இருக்கிற தொல்லை. இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை தேடிப் பார்க்கச் சொல்லிப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் போடுங்கள், வீட்டில் கூப்பிட்ட பேரில், தகப்பன் பேரில் எழுத்து மாறி என்று எல்லா மாதிரியும் தேடச் சொல்லுங்கள், அப்படிக் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். பேர் மட்டும் வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுப்பது பற்றி அங்கேயே கேளுங்கள். பதிவே இல்லை என்றால், பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் கொடுக்கிற உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்து ஆபீசில் உங்கள் சேமலாப நிதிப் பதிவில் உள்ள பிறந்த தேதி, பள்ளிக்கூட இடாப்பு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிற பக்கம், இவையெல்லாம் உதவும். பாஸ்போர்ட்டுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, கண்டியிலேயே கிளை அலுவலகம் இருக்கிறது; விசாவை இணையத்திலேயே எடுக்கலாம், சந்தேகம் இருந்தால் இந்திய உதவித் தூதரகமும் கண்டியில்தான்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023இல் மறுபடி கப்பல் விட்டார்கள், ஆனால் கடல் மோசமான மாதங்களில் அது நின்றுபோகும். உங்கள் வயதுக்குக் கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் போய் அங்கிருந்து மேலே ஏறுவதுதான் நல்லது என்பேன். பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேப்பர் வேலை இழுத்தால் காத்திருக்க வேண்டாம், அக்காவையோ அவர் பிள்ளைகளையோ இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள், இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அவர்கள் வருவது சுலபம்.

கேள்வி: அக்கா, எனக்கு இருபத்திரண்டு வயசு, மகனுக்கு ஒன்றரை வயசு. ஹட்டனில் ஒருவர் வெளிநாட்டு வீட்டு வேலைக்கு விசிட் விசாவில் முதலில் போ, அங்கே போய் வேலை விசா மாற்றிக்கொள்ளலாம், முன்பணமாக இரண்டு லட்சம் தருகிறோம் என்கிறார். மாமியார் போகச் சொல்கிறார். போகலாமா?
– டிக்கோயா வாசகி

பதில்: போக வேண்டாம் தங்கச்சி. அந்த ஆள் விசிட் விசா என்று சொல்வதே உங்களை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய முடியாது என்பதால்தான். பிள்ளை ஐந்து வயசுக்குக் கீழே இருந்தால் தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கையோடு ஒரு விதி வந்தது, 2022இல் அதை இரண்டு வயசாகக் குறைத்தார்கள். உங்கள் மகனுக்கு அதுகூட ஆகவில்லை. பதியாமல் போனால் காப்புறுதி கிடையாது, சரியான அக்ரிமென்ட் கிடையாது, ஏதாவது நடந்தால் யாரைப் பிடிப்பது என்றே தெரியாது. 2022இல் விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அந்த இரண்டு லட்சமும் உங்களுக்கு இனாமாக வருவதில்லை, பாதியில் திரும்பி வர வேண்டும் என்று சொன்னால் அதைத்தான் முதலில் திருப்பிக் கேட்பார்கள்.

கஷ்டம் இல்லாமலா போக நினைத்தீர்கள், அது எனக்கு விளங்குகிறது. எவ்வளவு கடன், யாரிடம் என்று எனக்கு எழுதுங்கள், பேசுவோம். அதற்குள் அந்த ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடுங்கள், எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாமியாரையும் கணவரையும் கூட்டிக்கொண்டே பிரதேச செயலகத்துக்குப் போங்கள், அங்கேயுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர் சொல்வதை அவர்களும் காதால் கேட்கட்டும்.