பதினாறு வயதும் அரசியலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் அக்கா குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. அக்கா மகனுக்குப் பதினாறு வயது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அரசாங்கம், தேர்தல் என்று விவாதிக்கிறான். அதே வயதுள்ள என் மகளுக்கு டியூஷனையும் தேர்வையும் தவிர வேறு உலகமில்லை. அங்குள்ள பள்ளியும் தொலைக்காட்சியும்தான் காரணம் என்கிறாள் அக்கா. அது உண்மைதானா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் அக்கா சொல்வதில் பாதி உண்மை உண்டு. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2002 முதல் உயர்நிலை வகுப்புகளுக்குக் குடிமையியல் கட்டாயப் பாடம். ஆனால் தேர்வுச் சுமையில் அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்கள் அல்லர். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வு அவர்கள் வீடுகளிலும் தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்கிறது.

தொலைக்காட்சியின் பங்கு இதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். பிபிசி 1972-இல் குழந்தைகளுக்கென்றே 'நியூஸ்ரவுண்ட்' என்ற செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பார்க்கும் மாலை நேரத்தில் அது ஒளிபரப்பானது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய செய்தியை பிரிட்டன் தொலைக்காட்சியில் முதலில் அறிவித்தது இந்த நிகழ்ச்சிதான். பெரியவர்களின் செய்தி நேரம் வரும்வரை காத்திருக்காமல் அத்தகைய துயரச் செய்தியையும் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லலாம் என்று நம்பிய அந்த மரியாதையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளையை அரசியல் பேசவைப்பது, அரசின் முடிவு அதன் அன்றாடத்தில் நேராக வந்து விழுவதுதான் என்பது என் எண்ணம். இ.எம்.ஏ. என்று பிள்ளைகள் அழைத்த உதவித்தொகையின் கதை இதற்குப் பொருத்தமானது. பதினாறு வயதுக்குப் பின்னும் படிப்பைத் தொடரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுண்டு வரை தரும் அத்திட்டம் 2004-இல் நாடு முழுவதும் வந்தது. பணம் பெற்றோரிடம் போகாமல் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வந்தது. வகுப்புக்கு மட்டம் போட்டால் அந்த வாரப் பணம் கிடைக்காது. பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, ஒரு புத்தகம் என்று அந்தப் பணம் செலவாகும். 2010 அக்டோபரில், அப்போது புதிதாக அமைந்திருந்த கூட்டணி அரசு, இங்கிலாந்தில் இதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்சவரம்பை ஆண்டுக்கு 3,290 பவுண்டிலிருந்து 9,000 பவுண்டாக உயர்த்தும் முடிவும் அதே பருவத்தில்தான் வந்தது.

அந்த நவம்பர் 24 அன்று பல ஊர்களில் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறித் தெருவில் இறங்கினார்கள். லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த வைட்ஹால் தெருவில் காவல்துறை அவர்களை வளைத்துப் பல மணி நேரம் குளிரில் நிறுத்திவைத்தது. அங்கே கூட்டத்தின் நடுவே சிக்கிய காவல்துறை வண்டி ஒன்றைச் சிலர் அடித்து நொறுக்கத் தொடங்கியபோது, பள்ளிச் சிறுமிகள் சிலர் கைகோத்து அதைச் சுற்றி அரணாக நின்றார்கள். அந்தப் புகைப்படத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பொறுப்பற்ற வயது என்று பதினாறைத் தள்ளிவிடுபவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அது ஒன்றே. டிசம்பர் 9 அன்று கட்டண உயர்வு 323-க்கு 302 என்ற வாக்குகளில் நிறைவேறியது.

இப்படிப் பார்த்தால் உங்கள் மகளும் அரசியலுக்கு வெளியே இல்லை. நீட் தேர்வு சரியா என்று அவளிடம் கேட்டு, இடைமறிக்காமல் அவள் சொல்வதைக் கேளுங்கள்.

வாக்குரிமை என்று வரும்போது பிரிட்டனுக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது. 2014-இல் ஸ்காட்லாந்தின் சுதந்திரம் குறித்த பொதுவாக்கெடுப்பில் 16, 17 வயதினரும் வாக்களித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, கிளாஸ்கோவில் அந்த வயது மாணவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்த அரங்கிலிருந்து பிபிசி ஒரு விவாதத்தை ஒளிபரப்பியது. தலைவர்கள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த உரிமை பின்னர் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலுக்கும் வேல்ஸ் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் வந்துவிட்டது. பிரிட்டன் முழுமைக்குமான பொதுத்தேர்தலிலும் வாக்களிக்கும் வயதைப் பதினாறாகக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில்தான் அரசு அறிவித்தது. 2010-இல் தெருவில் நின்றவர்களுக்கு அந்த உரிமை இருந்திருந்தால், அந்த 30 பவுண்டை அவ்வளவு எளிதாக யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். வேல்ஸில் அந்த உதவித்தொகை இன்றும் உண்டு. 2023-இல் அதை வாரம் 40 பவுண்டாக உயர்த்தினார்கள். இங்கிலாந்தில் அது திரும்ப வரவில்லை.