டெக்சாஸில் போலீஸ் பேப்பர் கேட்குமா? டாலஸ் பக்கத்து இர்விங்கிலிருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோவையிலிருந்து வந்து நாலு மாதம். உங்களுக்கு ஹெச்1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த ஹெச்4. தலைநகர் ஆஸ்டினில் சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு எதிராகக் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் மசோதா மேல் மசோதா கொண்டுவருகிறார்கள். ஆபீஸில் ஒருவர் "பாஸ்போர்ட் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போகாதே" என்கிறார், இன்னொருவர் "நாம சட்டப்படி வந்தவங்க, நமக்கென்ன" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் ஆள் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார். ஆனால் எனக்குக் கவலையாக இருப்பது அந்த இரண்டாவது ஆளை நினைத்துத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஆஸ்டின் கதை. டெக்சாஸ் சட்டமன்றம் நம்மூர் மாதிரி வருஷா வருஷம் கூடுவதில்லை. ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆளுநர் 30 நாள் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். (இங்கே ஆளுநர் மக்களிடம் ஓட்டு வாங்கி வருகிறவர். நம்மூர் முதலமைச்சர் நாற்காலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.) அந்த 140 நாளில் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் தாக்கலாகும், பாதிக்கு மேல் குழுவிலேயே செத்துப்போகும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வருவது தாக்கலான அன்றைக்கு வந்த செய்தி. அது செத்துப்போன செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அதனால் மசோதா எண்ணைக் குறித்துக்கொண்டு சட்டமன்றத்தின் சொந்த இணையதளத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆனால் சில மசோதாக்கள் சாகாது. 2017-இல் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வருஷம் 'எஸ்பி 4' (செனட் மசோதா எண் 4) என்றொரு மசோதா. உள்ளூர் போலீஸும், கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போலீஸ் தலைவர்களான ஷெரிஃப்களும் மத்தியக் குடியேற்ற அதிகாரிகளோடு ஒத்துழைக்க வேண்டும், மறுத்தால் அபராதம், பதவி நீக்கம் வரை போகலாம் என்பது அதன் சாரம். ஏப்ரல் 26 அன்று பிரதிநிதிகள் அவையில் தொடங்கிய விவாதம் மறுநாள் அதிகாலை மூன்று மணி வரைக்கும் போனது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹூஸ்டன் உறுப்பினர் ஜீன் வூ, சீனாவில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர், பேசும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார்.

அந்த ராத்திரி விவாதம் முழுக்க ஒரே ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடந்தது. அவைக்கு வந்த வடிவத்தில், கைது செய்யப்பட்ட ஒருவரிடம்தான் போலீஸ் குடியேற்ற நிலையைக் கேட்கலாம் என்று இருந்தது. டைலர் ஊர் உறுப்பினர் மேட் ஷேஃபர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: தடுத்து நிறுத்தப்பட்டவரிடமே கேட்கலாம் என்று. சிவப்பு விளக்கைத் தாண்டினதற்கு ஓரங்கட்டச் சொன்னால் அதுவும் தடுத்து நிறுத்தல்தான். அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறச் சொல்லி மணிக்கணக்கில் பேசிப் பார்த்தார்கள். அவர் விடவில்லை, நிறைவேறியது. மே மாதம் ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் முதலில் தடுத்தது, 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பகுதியைச் சரி என்றுவிட்டது. ஆக, உங்களை வண்டியில் நிறுத்தும் போலீஸ்காரர் ஸ்டேட்டஸ் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இத்தனை வருஷத்தில் என்னை நாலு தடவை நிறுத்தியிருக்கிறார்கள், நாலும் வேகத்துக்காக. லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. அந்தக் கூட்டத்தொடரின் கடைசி நாள், மே 29. சிவப்புச் சட்டை போட்டுப் பார்வையாளர் மாடத்தில் கூட்டமாக நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஐஸ் (மத்தியக் குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகளுக்கு நானே போன் செய்துவிட்டேன் என்று ஒரு உறுப்பினர் சொல்ல, அவைக்குள்ளேயே தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. அந்த உறுப்பினர் மேட் ரினால்டி. எங்கள் இர்விங் பக்கத்துத் தொகுதிக்காரர். நம் ஆட்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர்! எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பாதிப்பேருக்குத் தங்கள் பிரதிநிதி யார் என்று தெரிந்ததே அன்றைக்குத்தான். அடுத்த வருஷத் தேர்தலில் அவர் தோற்றார்.

அப்புறம் 2023. மறுபடி எஸ்பி 4 என்றே ஒரு மசோதா, பெயர்தான் ஒன்று, விஷயம் வேறு. இதே நோக்கத்தோடு வந்த இன்னொரு மசோதா அந்த வருஷ வழக்கமான கூட்டத்தொடரில் விதிமுறைக் குறை சுட்டிக்காட்டப்பட்டு விழுந்திருந்தது. ஆளுநர் சிறப்புக் கூட்டம் மேல் சிறப்புக் கூட்டமாக அழைத்து, நாலாவது சிறப்புக் கூட்டத்தில் இது நிறைவேறியது. முறையான நுழைவாயில் வழியாக இல்லாமல் வெளிநாட்டிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைவதே மாநிலக் குற்றம், ஆறு மாதம் வரை சிறை, நீதிபதி திருப்பி அனுப்பவும் உத்தரவிடலாம் என்கிறது. டிசம்பர் 18 அன்று எல்லை ஊரான பிரவுன்ஸ்வில்லில் கையெழுத்தானது. 2024 பிப்ரவரி கடைசியில் மத்திய நீதிபதி டேவிட் எஸ்ரா தடை போட்டார். மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் வழிவிட, சில மணி நேரம் அமலில் இருந்தது. அன்று இரவே மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி நிறுத்தியது. மத்தியானம் சட்டம், ராத்திரி சட்டமில்லை. அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழு பட்ட பாடு இருக்கிறதே! விமானத்தில் இறங்கி, அதிகாரி முத்திரை குத்தி உள்ளே வந்த ஒருவர் மேல் இந்தச் சட்டம் பாயாது என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை.

இப்படி ஏன் இழுபறி என்றால், நம்மூர் பாஷையில் சொல்வதென்றால், குடியேற்றம் இங்கே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மாநிலம் அதில் எவ்வளவு கை வைக்கலாம் என்பதுதான் ஒவ்வொரு வழக்கும். அரிசோனா 2010-இல் கொண்டுவந்த சட்டத்தில் நாலு பிரிவுகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2012-இல் மூன்று அடிபட்டன. போலீஸ் ஸ்டேட்டஸைச் சரிபார்க்கலாம் என்ற ஒன்று மட்டும் அப்போதைக்குத் தப்பியது. நம் பக்கத்து ஊர் ஃபார்மர்ஸ் பிராஞ்ச், அதே ஆசையோடு 2006-லேயே, பேப்பர் (குடியேற்ற ஆவணம்) இல்லாதவர்களுக்கு வீடு வாடகைக்கு விடக்கூடாது என்று நகரச் சட்டம் போட்டது. வழக்கு 2014 வரை இழுத்தது, வக்கீல் செலவு மட்டும் அறுபது லட்சம் டாலர் அளவுக்கு ஆனது, கடைசியில் தோற்றார்கள். நீங்கள் மளிகை வாங்கப் போகிற வழியில் வரும் ஊர்தான்.

சரி, பாஸ்போர்ட் விஷயம். பால் வாங்கப் போக அது வேண்டாம். தொலைந்தால் புதிது வாங்க அலைய வேண்டும். ஆனால் 18 வயதைத் தாண்டிய வெளிநாட்டவர் தன் பதிவுச் சான்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று 1952-இலிருந்தே மத்தியச் சட்டம் இருக்கிறது. 2025-இல் அதை மறுபடி கடுமையாக்கினார்கள். நமக்கு அந்தச் சான்று ஐ-94, எந்தத் தேதி வரை இங்கே தங்கலாம் என்று சொல்லும் நுழைவுப் பதிவு. அதை அச்செடுத்து மடித்து இரண்டு பேர் பர்ஸிலும் வையுங்கள், போனில் ஒரு பிரதி. டெக்சாஸ் லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள், குடிவந்து 90 நாளுக்குள் எடுக்க வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. தெற்கே சவுத் பாட்ரே தீவுக்குக் கடல் பார்க்கப் போனால் மட்டும் அசல் பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். போகும்போது யாரும் கேட்கமாட்டார்கள். திரும்பும்போது சாரிட்டாவிலோ ஃபால்ஃபூரியாஸிலோ உள்ள எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடியில் எல்லா வண்டியையும் நிறுத்தி, குடிமகனா என்று கேட்பார்கள். எல்லையைத் தாண்டவே இல்லையே என்று வாதாடுகிற இடம் இல்லை அது. நான் ஒரு முறை பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போய், அந்த வெயிலில் வண்டியை ஓரங்கட்டி, கைக்குழந்தையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கணினியில் பெயரைத் தேடிப் பார்த்து அனுப்பினார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். தப்பு என்னுடையது.

இப்போது அந்த இரண்டாவது ஆளுக்கு வருகிறேன்.

2012-இல் ஊருக்குப் போய்த் திரும்பினேன். பாஸ்போர்ட் முடிய எட்டு மாதம் இருந்தது, விசா ஸ்டாம்ப் இன்னும் இரண்டு வருஷம், ஐ-797 என்ற ஹெச்1பி அனுமதிக் கடிதத்திலும் அதே இரண்டு வருஷம். விமான நிலையத்தில் அதிகாரி ஐ-94-இல் பாஸ்போர்ட் முடியும் தேதியையே போட்டுக் கொடுத்துவிட்டார். அப்போது அது பாஸ்போர்ட்டில் பின் அடித்த வெள்ளைத் துண்டுச் சீட்டு. நான் பார்க்கவே இல்லை. எல்லோரையும் போல விசா ஸ்டாம்ப்பைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். வேறு ஏதோ வேலைக்காக ஆபீஸில் பேப்பர் கேட்டபோது கம்பெனி வக்கீல்தான் கண்டுபிடித்து போன் செய்தார். அவசரமாக நீட்டிப்பு மனு தயார் செய்து அனுப்பியபோது மிச்சம் ஆறு நாள். அந்த போன் வராமல் போயிருந்தால் நான் வழக்கம்போல ஆபீஸ் போய்க்கொண்டிருந்திருப்பேன், வரி கட்டிக்கொண்டிருந்திருப்பேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் "இப்படி எல்லை தாண்டி வருகிறார்களே" என்று புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே பேசியிருப்பேன், ஸ்டேட்டஸ் இல்லாதவனாக. அப்படி 180 நாள் தாண்டி, பிறகு நாட்டை விட்டு வெளியே போனால் மூன்று வருஷம் திரும்ப வர முடியாது. ஒரு வருஷம் தாண்டினால் பத்து வருஷம். அதனால்தான் "நாம சட்டப்படி வந்தவங்க" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் ஐ-94 பார்த்தாயா என்று கேட்கத் தோன்றுகிறது.

வேலை போனாலும் இதே கதைதான். உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள், அதற்குள் இன்னொரு கம்பெனி மனு போட வேண்டும், இல்லை வேறு விசா வகைக்கு மாற மனு போட வேண்டும், இல்லை கிளம்ப வேண்டும். இந்த நாட்டில் பேப்பர் இல்லாத இந்தியர்கள் எத்தனை பேர் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு, இரண்டு லட்சத்திலிருந்து ஏழு லட்சம் வரைக்கும் சொல்கிறார்கள். எல்லோரும் எல்லை தாண்டி வந்தவர்கள் இல்லை. 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களைக் கைகாலில் விலங்கிட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த வாரம் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஆபீஸில் நம் ஆட்கள் பலர் "அவங்க வேற" என்று எழுந்து போனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிள்ளைகள் விஷயமும் இதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். பேப்பர் இல்லாத குழந்தைகளைப் பள்ளியிலிருந்து விலக்க டெக்சாஸ் 1975-இல் போட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1982-இல் ரத்து செய்துவிட்டது, ஐந்துக்கு நாலு. கல்லூரியில்தான் நிலைமை மாறியிருக்கிறது. இங்கேயே படித்து வளர்ந்த பேப்பர் இல்லாத மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் என்ற சட்டத்தை 2001-இல் முதலில் கொண்டுவந்த மாநிலமே டெக்சாஸ்தான், கையெழுத்துப் போட்டவர் ரிக் பெர்ரி. 2025 கூட்டத்தொடரில் அதை நீக்க வந்த மசோதா ஓட்டெடுப்புக்கே வராமல் போனது, நாங்களும் தப்பியது என்றுதான் நினைத்தோம். கூட்டம் முடிந்த இரண்டாம் நாள், ஜூன் 4, மத்திய அரசு வழக்குப் போட, மாநில அரசு அன்றைக்கே ஒப்புக்கொள்ள, 24 வருஷச் சட்டம் ஒரே பகலில் போனது. ஹெச்4-இல் வளரும் பிள்ளை 21 வயதில் அந்த ஸ்டேட்டஸை இழக்கும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருஷம், சிறைச்சாலை நடத்தும் ஷெரிஃப்கள் ஐஸ் அமைப்போடு ஒப்பந்தம் போட வேண்டும் என்ற சட்டமும் நிறைவேறி 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உங்களுக்கு இதன் அர்த்தம்: குடித்துவிட்டு வண்டி ஓட்டியோ, வீட்டுச் சண்டை போலீஸ் வரை போயோ ஒரு இரவு கவுன்டி சிறையில் இருந்தால், உங்கள் பேப்பரும் கூடவே பார்க்கப்படும்.

கருத்துச் சொல்ல ஆசை இருந்தால் ஆஸ்டினில் குழு விசாரணைக்குப் போய்ப் பேசலாம், குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், அதற்காக நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். தேர்தல் நன்கொடை மட்டும் எந்தக் கட்சிக்கும் கொடுக்காதீர்கள், கிரீன் கார்டு வரும்வரை அது சட்டப்படி குற்றம். லைசென்ஸ் படிவத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதில் 'ஆம்' போட்டுவிடாதீர்கள். குடிமகன் என்று தவறாகச் சொன்னது பின்னால் கிரீன் கார்டையே கெடுத்துவிடும், தெரியாமல் போட்டேன் என்றால் எடுபடாது.

கடைசியாக, கேள்வியின் ஓரத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், போன வாரம் லாஸ் கொலினாஸிலிருந்து கொப்பெலுக்கு வீடு மாறினோம் என்று. முகவரி மாற்றத்தை 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும், மனைவிக்கும் தனியாக. இணையத்திலேயே போடலாம், காசு கிடையாது. இன்று ராத்திரியே உட்கார்ந்து முடித்துவிடுங்கள், உட்கார்ந்த கையோடு இரண்டு பேர் ஐ-94 தேதியையும் திறந்து பாருங்கள்.