கருவாட்டை ஒடித்துக் காட்டுவது போல எழுதுங்கள்

கேள்வி: பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து கருவாடு காயவைத்து பாக்கெட் போட்டு விற்கிறோம். சந்தையில் உட்கார்ந்தால் கூடை காலியாகிவிடும். ஆனால் மதுரை, சென்னைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரம் எழுதி அனுப்பினால் யாரும் பதில் போடுவதில்லை. 'தரமான, சுவையான, சுகாதாரமான பாரம்பரியக் கருவாடு, உடனே அணுகவும்' என்று எழுதினேன். பத்தாவது வரைதான் படித்தேன். ஆட்களை வாங்க வைப்பது போல எழுத நான் கற்றுக்கொள்ள முடியுமா?
– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முடியும். பத்தாவது படிப்பு இதற்குத் தடையே இல்லை. உங்கள் கடிதத்திலேயே 'கூடை காலியாகிவிடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குச் சந்தை கண்ணில் தெரிந்தது. விளம்பரத்தில் மட்டும் ஏன் வேறு ஆளாக மாறிவிட்டீர்கள்?

சின்ன வயதில் அம்மாவோடு சந்தைக்குப் போவேன். கருவாடு விற்கும் ஆச்சி ஒருவர் எங்களிடம் 'தரமானது' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு நெத்திலியை எடுத்து முகத்துக்கு நேராக ஒடிப்பார். டப்பென்று ஒடியும். "ஈரம் இருந்தா வளையும் தாயி, இது ஒடியுது பாருங்க" என்பார். அம்மா அதற்கப்புறம் பேரம் பேசியதாக நினைவில்லை. நீங்களும் சந்தையில் இப்படி எதையோ செய்து காட்டுகிறீர்கள், அதனால்தான் விற்கிறது. அதை எழுத்தில் கொண்டுவந்தால் போதும். 'தரமான' என்ற சொல்லை மோசமான சரக்கு வைத்திருப்பவரும் எழுதலாம். 'ஒடித்துப் பாருங்கள்' என்று எழுத நன்றாகக் காயவைத்தவருக்குத்தான் தைரியம் வரும்.

முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்குங்கள். வாங்க வருபவர்கள் கேட்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்து நகரத்துக்காரர்களின் கவலை இவைதான்: மணல் நறநறக்குமா? பூச்சிமருந்து ஏதாவது அடித்திருப்பார்களா? உப்பு கரிக்குமா? பார்சல் வீச்சம் அடித்தால் பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள்? ஒரு முறை நானே தபாலில் வாங்கிய நெத்திலியை ஏழு தண்ணீர் கழுவியும் குழம்பில் மணல் தட்டுப்பட்டது. அதிலிருந்து வாசனை, சுவை என்று யார் வர்ணித்தாலும் என் மனம் மணலைப் பற்றித்தான் கேட்கிறது. வாங்குபவரின் மனதில் ஓடும் கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் வந்துவிட்டால், மீதி வரிகளை அவர் நம்பிப் படிப்பார்.

உங்கள் குழு தரையில் கொட்டாமல் வலை கட்டிய பந்தலில் காயவைக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன்:

'மணல் இல்லாத நெத்திலி. பாம்பன் தென்கடல் மீன். தரையில் போடாமல் வலைப் பந்தலில் காயவைத்தது. தலை கிள்ளியாச்சு. உப்பு சேர்க்கவில்லை, குழம்பில் நீங்கள் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். கால் கிலோ, பார்சல் செலவோடு இத்தனை ரூபாய். வீச்சம் வராமல் இரண்டு உறை போட்டு அனுப்புகிறோம். வேண்டும் என்றால் "நெத்திலி" என்று மட்டும் பதில் அனுப்புங்கள். செவ்வாய் காலை பார்சல் கிளம்பும்.'

இதில் உங்கள் சரக்குக்குப் பொருந்தாத வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா; பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் மீன் என்றால் வடகடல் என்றே எழுதுங்கள். சென்னையில் இருப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கடலை அறிந்தவர்தான் எழுதியிருக்கிறார் என்பது அவருக்குப் புரிந்துவிடும். ஊர்ப் பெயருக்கு மதிப்பு உண்டு. நம் மாவட்டத்து முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது ராமநாதபுரம் என்ற பெயரோடுதான்.

விலையை மறைக்காதீர்கள். 'விலைக்குத் தொடர்புகொள்ளவும்' என்று பார்த்தாலே பலர் கூச்சப்பட்டு விலகிவிடுவார்கள். 'உடனே அணுகவும்' என்பதும் வேண்டாம். எதற்கு அணுக வேண்டும், அணுகி என்ன சொல்ல வேண்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை. ஒரு செய்தியில் ஒரு பொருள், படிப்பவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை, அவ்வளவுதான். நெத்திலி, வாளை, திருக்கை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் செய்தி நீண்டு, 'மேலும் படிக்க' என்ற இடத்தில் மடங்கிவிடும். அதைத் தொட்டுப் படிப்பவர்கள் குறைவு.

'இன்று மட்டும்', 'கடைசி வாய்ப்பு' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை நான் வெறுக்கிறேன். உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வெயிலை நம்ப முடியாது. 'மழை பிடிப்பதற்குள் காய்ந்த கடைசி ஈடு இது' என்று செப்டம்பரில் நீங்கள் எழுதினால் அது உண்மை. மழைக்காலத்தில் சரக்கு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். ஒரு முறை இல்லை என்று சொன்னவரின் அடுத்த செய்தியை மக்கள் திறந்து பார்ப்பார்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கருவாடு சாப்பிட்டால் இந்த நோய் தீரும், அந்த நோய் வராது என்று எழுதவே கூடாது. உணவுப் பொருளை மருந்து போல விளம்பரம் செய்வது சட்டப்படி தவறு, படிப்பவரை ஏமாற்றுவதும் ஆகும். அதற்குப் பதிலாக உங்களின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) எண்ணையும், பாக்கெட் போட்ட தேதியையும், எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பூச்சிமருந்து பயம் உள்ளவருக்கு அந்த வரிகள் பெரிய ஆறுதல்.

அப்புறம் பழக்கம். எழுதியதை உடனே அனுப்பாதீர்கள். குழுவில் இருப்பவர்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'நாம எங்கக்கா இப்படிப் பேசுவோம்' என்று அவர்கள் சிரிக்கும் இடத்தைத் திருத்துங்கள். எழுத வரவில்லை என்றால் போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து, சந்தையில் சொல்வதை அப்படியே சொல்லி, பிறகு கேட்டு எழுதுங்கள். வாரம் இரண்டு செய்தி எழுதினால் மூன்று மாதத்தில் கை பழகிவிடும்.

அடுத்த வாரச் செய்தியை இருபது பேருக்கு மட்டும் அனுப்புங்கள். பத்துப் பேருக்கு மணல் பற்றிய வரி முதலில், மற்றப் பத்துப் பேருக்கு வீச்சம் பற்றிய வரி முதலில். எதற்குப் பதில் அதிகம் வருகிறது என்று நோட்டில் குறித்து, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். வாளைக் கருவாட்டுக்கான செய்தியை அதை வைத்து எழுதலாம்.